1966 தகட்டில் இருந்த ஸ்கொயர் 721

கோரல்ட்ரா என்ற வரைகலை மென்பொருளில் ஃபாண்ட் பட்டியலை உருட்டிக்கொண்டே போனால் எஸ் வரிசையில் ஸ்கொயர் 721 என்று ஒரு பெயர் வரும். கம்ப்யூட்டரில் அச்சுக்குக் கோக்கும் டிடிபி வேலை பார்த்தவர்களுக்குப் பழகிய பெயர்தான். கோவை கணபதியில் ஒரு நேம் பிளேட் பட்டறையில் நான் சேர்ந்த முதல் வாரம், மோட்டார் ஸ்டார்டர் பெட்டிக்கு முகப்பு ஸ்டிக்கர் வரையச் சொன்னார்கள். என்ன எழுத்து போடுவது என்று கேட்டதற்குப் பக்கத்து மேஜை அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஸ்கொயர் போடு, போல்டு எக்ஸ்டெண்டட். மெஷின்னா அதுதான்" என்றார். அன்றைக்குப் போட்டேன். அப்புறம் 11 வருடம் போட்டுக்கொண்டே இருந்தேன். பம்ப்செட் பேனல், கம்ப்ரஸர், வெட் கிரைண்டர், எடை மெஷின், லேத்தின் பக்கவாட்டில் ஒட்டும் நீளப் பட்டை என்று எதற்கும் அதே எழுத்துதான். அகலமாக, தடிமனாக, மூலைகள் மழுங்கிய சதுரங்களாக நிற்கும். பார்த்தாலே உள்ளே ஏதோ கரெண்ட் ஓடுகிற மாதிரி இருக்கும். அது எங்கிருந்து வந்தது, யார் வரைந்தது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. கம்ப்யூட்டரோடு வந்தது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

பிறகு ஒருநாள் ஒரு தகடு வந்தது. ஏதோ ஒரு பழைய இத்தாலி கிரைண்டிங் மெஷினின் நேம் பிளேட். உள்ளங்கை அகலம் இருக்கும், அலுமினியம், கறுப்பு பெயிண்ட் பாதி உரிந்து எண்ணெய் ஊறிக் கிடந்தது. "இதே மாதிரி புதுசா ஒண்ணு வேணும் தம்பி, அச்சு அசலா இருக்கணும்" என்றார் கொண்டுவந்த பெரியவர். துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க, நான் தினமும் போடுகிற அதே எழுத்து மேலே எழுந்து வந்தது. கீழே வருடம் குத்தியிருந்தது: 1966. கோரல்ட்ராவின் முதல் பதிப்பு வந்ததே 1989இல்தான். அப்படியானால் என் ஸ்கொயர் 721 அதற்கு 23 வருடம் முன்னால் இந்தத் தகட்டில் என்ன செய்துகொண்டிருந்தது?

அன்று ராத்திரி தேட உட்கார்ந்தவன் விடிகாலை வரை எழுந்திருக்கவில்லை.

எழுத்தின் உண்மையான பெயர் யூரோஸ்டைல். 1962இல் வந்தது. இத்தாலியின் டூரின் நகரத்தில் நெபியோலோ என்று ஓர் அச்செழுத்து வார்ப்படப் பட்டறை இருந்தது, அச்சு இயந்திரங்களும் செய்த பெரிய நிறுவனம். அதன் வரைகலைப் பிரிவில் இருந்த ஆல்டோ நோவரேஸே என்பவர் வரைந்த எழுத்து இது. ஆனால் கதை அதற்கும் பத்து வருடம் முன்பே தொடங்குகிறது. 1952இல் அலெஸாண்ட்ரோ புட்டியும் நோவரேஸேயும் சேர்ந்து மைக்ரோகிரமா என்று ஓர் எழுத்து கொண்டுவந்தார்கள். புட்டிதான் அந்தப் பிரிவின் தலைவர், நோவரேஸே 1936இல் பதினாறு வயதுப் பையனாக அங்கே வேலைக்கு வந்தவர். மைக்ரோகிரமாவில் பெரிய எழுத்துகளும் எண்களும் மட்டும்தான், சின்ன எழுத்தே கிடையாது. புட்டி 1959இல் இறந்துபோனார். அவரிடம் வேலை கற்று அவர் இடத்துக்கு வந்த நோவரேஸே, 1962இல் சின்ன எழுத்துகளையும் வரைந்து, புது அகலங்களும் சேர்த்து, யூரோஸ்டைல் என்று பெயர் மாற்றி வெளியிட்டார். என் மேஜையில் கிடந்த தகட்டில் குத்தியிருந்த வருடத்துக்கு நாலு வருடம் முன்பு.

அப்புறம் ஸ்கொயர் 721 என்ற பெயர் எங்கிருந்து வந்தது? இது தெரிந்தபோது எனக்கு இன்னொரு கதவு திறந்த மாதிரி இருந்தது. 1981இல் அமெரிக்காவில் மாத்யூ கார்ட்டர், மைக் பார்க்கர் உள்ளிட்டவர்கள் தொடங்கிய பிட்ஸ்ட்ரீம் நிறுவனம், பழைய எழுத்துகளைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி வரைந்து விற்றது. அமெரிக்கச் சட்டப்படி எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) கிடையாது, ஆனால் பெயர் வணிகக்குறி, அதைத் தொட முடியாது. அதனால் அவர்கள் எழுத்தின் வகையைச் சொல்லும் ஒரு சொல்லும் பின்னால் ஒரு எண்ணுமாகப் புதுப் பெயர் வைத்தார்கள். ஹெல்வெட்டிகாவுக்கு ஸ்விஸ் 721. டைம்ஸுக்கு டச்சு 801. ஃப்ருட்டிகருக்கு ஹியூமனிஸ்ட் 777. யூரோஸ்டைலுக்கு ஸ்கொயர் 721. இந்த எழுத்துகளைக் கோரல் தன் பெட்டியில் நூற்றுக்கணக்கில் சேர்த்துக் கொடுத்தது. நம் ஊர் டிடிபி கடைகளில் தலைமுறையாக நாம் கற்றுக்கொண்ட பெயர்கள் எல்லாம் இந்த மாற்றுப் பெயர்கள்தான். ஸ்விஸ் என்றும் டச்சு என்றும் ஸ்கொயர் என்றும் சொல்லிக்கொண்டே, வரைந்தவர்கள் யார் என்று தெரியாமலே அவர்கள் கையெழுத்தில் நம் ஊர்த் தெருவெல்லாம் போர்டு மாட்டியிருக்கிறோம். அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சரி, வடிவத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

ஆங்கில ஓவை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண எழுத்துகளில் அது வட்டம், இல்லாவிட்டால் முட்டை. இதில் இரண்டும் இல்லை. எங்கள் வீட்டில் முன்பு ஷட்டர் வைத்த ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது, அதன் கண்ணாடியை நினைத்தால் இந்த ஓ வந்துவிடும். நாலு பக்கமும் நேர்கோடு மாதிரி தெரியும், ஆனால் நேர்கோடு இல்லை, லேசாக வெளியே உப்பியிருக்கும், மூலை வரும் இடத்தில் அந்த உப்பல் மெல்ல மெல்ல வேகம் பிடித்துத் திரும்பும். நான் அந்த 1966 தகட்டில் இருந்த ஓவின் பக்கவாட்டில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து லென்ஸில் பார்த்தேன். நடுவில் ஸ்கேல் தொடுகிறது, மேலேயும் கீழேயும் மயிரிழை விலகி நிற்கிறது. அந்த மயிரிழைதான் எல்லாம். அது இல்லாமல் ஒரு பெட்டி வரைந்து மூலையை மட்டும் மழுக்கினால் என்ன ஆகும் என்று கோரலில் பக்கத்திலேயே வரைந்து பார்த்தேன். செவ்வகம் போட்டு, ஷேப் டூலால் மூலையை இழுத்தால் ஒரு நொடியில் வந்துவிடும். ஆனால் நேர்கோடு முடிந்து வளைவு தொடங்கும் இடம் கண்ணுக்குத் தட்டுப்படுகிறது, ஏதோ இரண்டு துண்டை ஒட்டவைத்த மாதிரி. தகட்டில் இருந்த ஓவில் அந்த ஒட்டு இல்லை. முழுக்க ஒரே மூச்சில் போன கோடு.

கணக்கில் இதற்குப் பெயர் உண்டு. சூப்பர் எலிப்ஸ் என்பார்கள், 19ஆம் நூற்றாண்டில் காப்ரியேல் லாமே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் எழுதிய சமன்பாடு. அடுக்கு 2 என்றால் நீள்வட்டம், அடுக்கை ஏற்ற ஏற்ற செவ்வகத்தை நோக்கி நகரும். டென்மார்க் வடிவமைப்பாளர் பீட் ஹைன் 1959இல் ஸ்டாக்ஹோம் நகரின் செர்கெல் சதுக்கத்துக்கு 2.5 அடுக்கு வைத்து இந்த வடிவத்தைக் கொடுத்த பிறகு உலகம் முழுக்க இது பேச்சானது, அதே வடிவத்தில் மேஜைகூடச் செய்தார்கள். மைக்ரோகிரமா அதற்கு ஏழு வருடம் மூத்தது. இன்றைக்கு நம் போனில் இருக்கும் ஆப் ஐகான்களின் மூலையைக் கவனித்துப் பாருங்கள், பல போன்களில் இதே குடும்பத்து வளைவுதான்.

டிவி கண்ணாடியோடு ஒப்பிட்டது என் கற்பனை மட்டும் இல்லை. இத்தாலியில் முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பு 1954 ஜனவரி 3 அன்று தொடங்கியது, மைக்ரோகிரமாவுக்கும் யூரோஸ்டைலுக்கும் நடுவில். டூரின் அப்போது ஃபியட் கார் செய்யும் நகரம். கார் ஜன்னல், ரயில் ஜன்னல், ரேடியோ முகப்பு, டைப்ரைட்டர் என்று அந்தக் காலத்து இத்தாலியப் பொருள்கள் எல்லாம் மழுங்கிய மூலையோடு வந்துகொண்டிருந்தன. அதே மூலையை எழுத்துக்கும் கொண்டுவந்தார்கள். எதிர்காலத்தைக் கற்பனை செய்து வரைந்த எழுத்து என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அவர்கள் தங்கள் தெருவில் ஓடிய கார்களையும் வீட்டில் வந்து இறங்கிய பெட்டிகளையும் பார்த்துத்தான் வரைந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. எதிர்காலம் என்ற பெயரைப் பின்னால் மற்றவர்கள் கொடுத்தார்கள்.

கொடுத்தவர்களில் முக்கியமானவர் சினிமா இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக். 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் விண்கலங்களுக்குள் பல இடங்களில் வரும் எழுத்து யூரோஸ்டைல் போல்டு எக்ஸ்டெண்டட். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. படத்தின் தலைப்பை அவர் இந்த எழுத்தில் போடவில்லை, அது கில் சான்ஸ் என்ற வேறு எழுத்து. கதையைச் சொல்ல ஒரு எழுத்து, மெஷின் பேச இன்னொரு எழுத்து. அந்தப் படத்துக்குப் பிறகு விண்கலம், ரோபோ, கட்டுப்பாட்டு அறை என்றாலே இந்த எழுத்து என்று ஆகிவிட்டது. பக்கத்து மேஜை அண்ணன் "மெஷின்னா அதுதான்" என்றாரே, அவர் அந்தப் படத்தைப் பார்த்தவர் இல்லை. ஆனாலும் சொன்னது சரிதான், படம் பார்த்தவர்கள் வழியாகவும், இறக்குமதி மெஷின்களின் டயல் வழியாகவும், கார் ஸ்பீடோமீட்டர் வழியாகவும் அது அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

வேலைக்கு வருவோம். போல்டு எக்ஸ்டெண்டட் என்ற வகையில் எது முக்கியம் என்று கேட்டால், அகலம் என்பேன். தடிமன் இரண்டாவதுதான்.

நேம் பிளேட்டில் இது ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. மெஷினில் எழுத்துக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் பட்டையாக இருக்கும். உயரம் 8 மில்லிமீட்டர் இருந்தால் அகலம் 120 இருக்கும். சாதாரண எழுத்தை அந்த உயரத்துக்குள் வைத்தால் நடுவில் கொஞ்சூண்டு நின்றுகொண்டு இரண்டு பக்கமும் காலியாகக் கிடக்கும். அகன்ற எழுத்து அந்தப் பட்டையை நிறைக்கும். அதோடு எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் பெரிதாக இருப்பதால், 2 மில்லிமீட்டர் உயரத்தில் லேசரில் பொறித்தாலும், ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் மை கொஞ்சம் பரவினாலும், ஓட்டை அடைத்துக்கொள்ளாது. எண்ணெயும் தூசியும் படிந்த பிறகும் படிக்க வரும். டயல்களிலும் முகப்புகளிலும் இந்த எழுத்து இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு அழகு பாதிக் காரணம் என்றால் இது மீதிக் காரணம்.

இந்த அகலம் வரைந்த அகலம். இதை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் கடைகளில் தினமும் நடக்கும் தப்பு இதில்தான். ஈய எழுத்துக் காலத்தில் எழுத்தை இழுக்க முடியாது. அகன்ற வகை வேண்டுமென்றால் ஒவ்வொரு எழுத்தையும் புதிதாக வரைந்து, ஒவ்வொரு அளவுக்கும் அச்சு செய்து, வார்த்தாக வேண்டும். நோவரேஸே அப்படித்தான் வரைந்தார். போல்டு எக்ஸ்டெண்டட் எழுத்தில் நிற்கும் கோடு படுக்கைக் கோட்டைவிடச் சற்றுத் தடிமன், அது அளந்து வைத்த வித்தியாசம். நாம் என்ன செய்கிறோம்? எக்ஸ்டெண்டட் ஃபாண்ட் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் சாதாரண போல்டை எடுத்து, நடுப்புள்ளியைப் பிடித்து, 150 சதவீதம் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறோம். 2 மில்லிமீட்டர் நிற்கும் கோடு 3 ஆகிறது, படுக்கைக் கோடு 2லேயே நிற்கிறது. மூலையின் வளைவு இழுபட்டு மாவு உருண்டை மாதிரி சப்பையாகிறது. நான் மேலே சொன்ன அந்த ஒரே மூச்சு வளைவு செத்துப்போகிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பார்கள். தெரியும். என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் போர்டு மலிவாகத் தெரியும். ஒரு இ-ஸ்கூட்டர் ஷோரூமின் ஏசிபி (அலுமினியப் பலகை) போர்டை பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், பெயரை இப்படி இழுத்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போய் மாற்றிக் கொடுத்துவிட்டு வரலாமா என்று கை பரபரக்கும்.

அப்புறம் இடைவெளி. தடித்த அகன்ற பெரிய எழுத்துகளை நெருக்கி வைத்தால் சுவர் மாதிரி ஆகிவிடும். சின்ன அளவில் போடும்போது எழுத்துக்கு எழுத்து கொஞ்சம் தள்ளிவையுங்கள். பெரிய போர்டில் நெருக்கலாம், அங்கே அது கம்பீரம் கொடுக்கும்.

எத்தனை எழுத்து என்பதும் கணக்கு. ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு. மூன்றிலிருந்து எட்டு எழுத்துக்குள் இருக்கும் பெயருக்கு இதைப்போல அமைவது வேறு இல்லை. எலெக்ட்ரிக் வண்டி, ட்ரோன், ஜிம், வீடியோ கேம் போட்டி, எலெக்ட்ரானிக் இசை நிகழ்ச்சி, சிஎன்சி பட்டறை எல்லாவற்றுக்கும் போடலாம். ஒரு முழு வாக்கியத்தை இதில் போட்டால் படிப்பவருக்கு மூச்சு முட்டும், பத்தி என்றால் சொல்லவே வேண்டாம். சின்ன எழுத்துகள் யூரோஸ்டைலில் வந்துவிட்டன என்றாலும் அவை பெரிய எழுத்துகளுக்குத் துணைக்கு நிற்பவை, இயக்கக் கையேட்டை அதில் கோத்து ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பி, அவர் ரெண்டாவது பக்கத்திலேயே கண் வலிக்கிறது என்று திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி இடத்தில் தலைப்புக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டு, கீழே வட்டமும் காற்றோட்டமும் உள்ள சாதாரண எழுத்து ஏதாவது ஒன்றைப் போடுவதுதான் நல்லது.

இந்த எழுத்தால் எனக்கு ஒரு பெரிய தப்பும் நடந்தது. ஒரு பம்ப் கம்பெனிக்கு 600 தகடு, சீரியல் நம்பரோடு. நம்பரையும் இதே போல்டு எக்ஸ்டெண்டட்டில் வைத்தேன், பார்க்க ஒரே குடும்பமாக இருக்கட்டும் என்று. எல்லா எழுத்தையும் சதுரத்துக்குள் வைத்தால் என்ன ஆகும் என்று அப்போது யோசிக்கவில்லை. ஓவும் பூஜ்யமும் கிட்டத்தட்ட ஒன்று. பியும் (B) எட்டும் இரண்டு மூலைகளில்தான் வித்தியாசம். எஸ்ஸும் ஐந்தும், இசட்டும் இரண்டும் அதே கதை. ஆறு மாதம் கழித்து அந்தக் கம்பெனியின் சர்வீஸ் ஆள் போனில் வந்தார். பி 80 என்று தொடங்கும் நம்பரை ஒரு கிணற்று மேட்டில் டார்ச் வெளிச்சத்தில் 880 என்று படித்து, அதற்குரிய உதிரி பாகத்தை எடுத்துக்கொண்டு போய், அது சேராமல், விவசாயியின் மோட்டார் மூன்று நாள் நின்றிருக்கிறது. தண்ணீர் பாயாத மூன்று நாள். அது என் தகட்டால் நடந்தது. அன்றோடு சீரியல் நம்பரை இந்த எழுத்தில் போடுவதை விட்டுவிட்டேன். இப்போது நம்பருக்கு ஓசிஆர்-பி போடுகிறேன், அட்ரியன் ஃப்ருட்டிகர் 1968இல் மெஷினும் மனிதரும் குழம்பாமல் படிப்பதற்கென்றே வரைந்தது. பெயருக்கு யூரோஸ்டைல், நம்பருக்கு அது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சண்டை போடுவதில்லை.

தமிழ்? இதை எல்லோரும் கேட்கிறார்கள். "இங்கிலீஷ்ல இருக்கிற அதே ஸ்டைல்ல தமிழ்லயும் வேணும்." ஸ்டார்டர் பெட்டியைத் தொடுபவர் தமிழ் படிப்பவர், அவருக்குத்தான் முதலில் தெரியவேண்டும், அதனால் நியாயமான கேள்வி. ஆரம்பத்தில் நானும் தமிழ் எழுத்தை எல்லாம் பெட்டிக்குள் அடைத்தேன். ட, ப, ம, ய, ர எல்லாம் சந்தோஷமாக வந்து உட்கார்ந்தன. டவைப் பாருங்கள், அது ஏற்கெனவே ஒரு செங்கோணம்தான், ப மூடாத பெட்டி. தைரியம் வந்து மேலே போனால் ண வந்து நின்றது. சுழி மேல் சுழி, கடைசியில் நேராக ஒரு கால். தடிமன் ஏற்றினால் சுழிக்குள் இருக்கும் ஓட்டை அடைகிறது, ஓட்டையைக் காப்பாற்றினால் எழுத்து ரயில் மாதிரி நீள்கிறது, சுழியைச் சதுரமாக்கினால் படிக்கவே வரவில்லை. இ, ஞ, ஐ மூன்றும் இதே மாதிரி மறுத்துவிட்டன. ஒரு வாரம் மல்லுக்கட்டியிருப்பேன்.

இன்னொரு சிக்கல் உயரம். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பட்டையின் முழு உயரத்தையும் எடுத்துக்கொள்ளும், மேலேயும் கீழேயும் எதுவும் நீட்டாது. தமிழுக்கு மேலே புள்ளியும் இகர ஈகாரக் குறியும் வேண்டும், கீழே உகர ஊகாரச் சுழிப்பு வேண்டும். அதே 8 மில்லிமீட்டருக்குள் இரண்டையும் வைத்தால் தமிழ் எப்போதும் சின்னதாகத்தான் தெரியும். இதற்கு வழி ஒன்றுதான், முதலில் தமிழுக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, மிச்சத்தில் ஆங்கிலத்தை வையுங்கள். நம் பேனல்களில் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் தமிழ் எறும்பு ஊர்கிற மாதிரி ஓரத்தில் கிடக்கிறது.

எனக்குக் கடைசியில் கைகொடுத்தது, சதுரத்தை விட்டுவிட்டு அகலத்தையும் தடிமனையும் மட்டும் எடுத்துக்கொண்டதுதான். சுழி சுழியாகவே இருக்கட்டும், வட்டம் வட்டமாகவே இருக்கட்டும், ஆனால் கோட்டின் கனமும் எழுத்து பரந்து உட்காரும் விதமும் ஆங்கிலத்தோடு ஒத்துப்போகட்டும். இதற்கு 2022இல் வந்த அனேக் தமிழ் பெரிய வரம். ஏக் டைப் குழுவினர் பத்து எழுத்துமுறைகளுக்குச் சேர்ந்தாற்போல் செய்த குடும்பம், இலவசம், ஒடுங்கியதிலிருந்து விரிந்தது வரை அகலத்தை நகர்த்தலாம், இழுத்துக் கெடுக்காமல், வரைந்தவர்களே கொடுத்த அகலம். தமிழில் விரிந்த தடித்த எழுத்து என்று ஒன்று முறையாகக் கிடைத்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. யூரோஸ்டைல் போல்டு எக்ஸ்டெண்டட் பக்கத்தில் அனேக் தமிழின் விரிந்த தடித்த வகையை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரு தாய் பிள்ளைகள் இல்லைதான், ஆனால் ஒரே தெருவில் வளர்ந்தவை மாதிரி நிற்கும்.

கோரல் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. யூரோஸ்டைலைக் காசு கொடுத்து வாங்கலாம், லினோடைப் என்ற எழுத்து நிறுவனத்துக்காக அகிரா கோபயாஷி ஈய எழுத்து மாதிரிகளைப் பார்த்துத் திரும்ப வரைந்த யூரோஸ்டைல் நெக்ஸ்ட் என்ற பதிப்பும் இருக்கிறது, அகன்ற வகையும் அதில் உண்டு. இலவசமாக வேண்டுமென்றால் கூகுள் ஃபாண்ட்ஸில் மிக்ரோமா இருக்கிறது, வெர்னன் ஆடம்ஸ் வரைந்தது, மைக்ரோகிரமாவின் சாயல் அப்படியே தெரியும், ஆனால் ஒரே ஒரு தடிமன்தான். தடித்தது வேண்டுமென்றால் மாட் மெக்கினர்னியின் ஆர்பிட்ரான். அதில் தடிமன் பல உண்டு, எனினும் யூரோஸ்டைலின் அமைதி அதில் இல்லை, வெட்டுகளும் கோணங்களும் கூடுதலாகச் சத்தம் போடும். கேம் போஸ்டருக்குச் சரி, தகட்டுக்கு நான் போடமாட்டேன்.

பெரியவரின் தகட்டுக்கு வருகிறேன். அச்சு அசலாக என்று சொல்லியிருந்தார் அல்லவா, அதனால் ஃபாண்டைத் தட்டிப் போட மனசு வரவில்லை. ஸ்கேன் செய்து, 800 சதவீதம் பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தாக அதன் மேலேயே கோடு ஓட்டினேன். சியின் வாய் உள்நோக்கித் திரும்பி முடியும் இடம், ஆரின் கால் இறங்கும் இடம், ஓவின் பக்கவாட்டு உப்பல். மொத்தம் 31 எழுத்து, எண்ணோடு சேர்த்து. இரண்டு ராத்திரி ஆனது. பட்டறையில் இரண்டு மணி நேர வேலைக்குத்தான் கூலி போடுவார்கள், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. லேசரில் பொறித்து, கறுப்பு நிரப்பி, பழைய தகட்டுக்குப் பக்கத்தில் வைத்தபோது ஓவின் மேல் மறுபடி ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். நடுவில் தொட்டது, இரண்டு முனையிலும் மயிரிழை விலகியது.

பெரியவர் வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கட்டைவிரலால் எழுத்தைத் தடவிப் பார்த்தார். முதலில் புதியதை, அப்புறம் பழையதை. "ஒண்ணாத்தான் இருக்கு" என்றார். பழைய தகட்டை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் தம்பி, அது மெஷினோடதான் இருக்கணும் என்று துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். அவர் போன பிறகு ஜாப் கார்டை நிரப்பினேன். அதில் எழுத்து வகை என்று ஒரு கட்டம் உண்டு, 11 வருடமாக அதில் எஸ்க்யூ போல்டு என்று கிறுக்கிவிட்டு விட்டுவிடுவேன். அன்று அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நெருக்கி நெருக்கி எழுதினேன்: யூரோஸ்டைல், ஆல்டோ நோவரேஸே, டூரின், 1962.